வரிசை கலைந்த அலமாரி

ஆஸ்பத்திரி மருந்தகத்தில் அவளை எல்லோரும் நூல்பிடி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மாத்திரைப் பெட்டிகளை எழுத்து வரிசைப்படி, நூல் பிடித்தாற்போல் அடுக்கி வைத்திருப்பாள். ஒரு பெட்டி அரை விரல் முன்னால் நீட்டிக்கொண்டிருந்தாலும் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

வீட்டிலும் அதே கதைதான். உப்புக்கும் சர்க்கரைக்கும் ஒரே மாதிரி வெள்ளை டப்பா, பக்கத்தில் பக்கத்தில். அவள் கணவருக்கு அவசர புத்தி. டீயில் உப்பைப் போட்டுக் கொண்டுவந்து நீட்டுவார். "கண்ண எங்க வச்சுட்டு வந்தீங்க?" என்று ஒரு பிடி பிடிப்பாள். பாவம் மனிதர், தலையைச் சொறிந்துகொண்டு இன்னொரு டீ போடப் போவார். அதனால் அவர் கொடுக்கும் டீயை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பாள்.

அன்று மதியம் வார்டு நர்ஸ் ஒரு பெட்டியோடு திரும்பி வந்தாள்.

"அக்கா, பெரியவருக்கு வலி மாத்திரை கேட்டேன். நீங்க குடுத்தது பிரஷரக் குறைக்கிற மாத்திரை. அவருக்கு ஏற்கெனவே பிரஷர் ரொம்பக் கம்மி."

"குடுத்துட்டியா?"

"இல்லக்கா. வாயில போடறதுக்கு முன்னாடி பார்த்துட்டேன். முழுங்கியிருந்தா எழுந்திருக்கவே மாட்டார்."

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அலமாரியைப் பார்த்தாள். இரண்டு மருந்துக்கும் பெயரில் பாதி ஒன்று, பெட்டியின் நிறமும் ஒன்று. எழுத்து வரிசை அவற்றைத் தோளோடு தோள் நிற்க வைத்திருந்தது. இப்படிப்பட்ட ஜோடிகளைப் பிரித்து வையுங்கள் என்று மேலதிகாரி போன மாதமே சொன்னார். அலமாரி அலங்கோலமாகிவிடும் என்று மூக்கால் அழுதவள் அவள்தான்.

சாயங்காலம் வரை அப்படிப்பட்ட பெட்டிகளைத் தேடித் தேடிப் பிரித்து வேறு வேறு தட்டில் வைத்தாள். பெயரில் வேறுபடும் பாதியைத் தடித்த எழுத்தில் அச்சடித்து, கீழே 'வலிக்கு', 'பிரஷருக்கு' என்று சேர்த்து ஒட்டினாள். அலமாரி பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை, ஆனாலும் மனசு கொஞ்சம் லேசானது.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து விடாமல் நேரே சமையலறைக்குப் போனாள். உப்பு டப்பாவை எதிர் மூலைக்குத் தள்ளி, பெரிதாக 'உப்பு' என்று எழுதி ஒட்டினாள். கணவர் கதவோரம் நின்று வேடிக்கை பார்த்தார்.

"என்ன, எம்மேல இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போச்சா?"

"உங்க மேல தப்பில்லைங்க." ஒட்டிய தாளை விரலால் நீவிவிட்டாள். "இத்தன வருஷமா உங்களத் திட்டினேன். டப்பாவ அப்படி வச்சவ நான்தானே."

அவர் டீ போட்டுக் கொண்டுவந்து நீட்டினார். அவள் ருசி பார்க்காமல் ஒரு மடக்கு குடித்தாள்.