கடைசி விமானத்துக்கு ஒரு கையெழுத்து

பாறசாலை பஸ் ஸ்டாப்பை ஒட்டிய டீக்கடையில் நாகர்கோவில் வண்டிக்குக் காத்திருக்கிறேன். பக்கத்தில் இருக்கும் மணியண்ணன் திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இன்ஜினியர். திருவனந்தபுரம் பஸ் வந்து நிற்கிறது. அவர் எழுந்திருக்கவில்லை.

"இது ரெண்டாமத்த பஸ்ஸாக்கும். பிளேன்காரருக்கு பஸ்ஸு பிடிக்கல்லியோ?" என்று சிரிக்கிறார் கடைக்கார அக்கா.

மணியண்ணன் சிரிக்கவில்லை. இருபத்தாறு வருடம் அவர் பழுதுபார்த்த ரக விமானங்களை கம்பெனி ஓட்டுவதை நிறுத்திவிட்டது. மிஞ்சிய கடைசி விமானம் இன்று சாயங்காலம் பயணிகள் இல்லாமல், உடைக்கும் இடத்துக்குப் பறக்கிறது.

"உடைக்கப் போறதுன்னாலும், பறக்கலாம்னு நான் ஒப்பு போடணும் மக்கா. இல்லேன்னா பைலட்டு ஏற மாட்டாரு."

எங்கள் வீட்டில் கைநாட்டு வைக்காத முதல் ஆள் நான். ஒரு கையெழுத்துக்கு இத்தனை பலம் உண்டென்று இப்போதுதான் தெரிகிறது.

"ஏதாவது குறை எழுதி நிறுத்திரலாமே அண்ணே?"

"எழுததுக்கு குறை வேணும்லா. ரெண்டு நாளா டார்ச் அடிச்சு நானும் அதைத்தான் தேடுனேன்." டீ கிளாஸைக் கீழே வைக்கிறார். "ஒண்ணும் இல்ல மக்கா. நல்லா இருக்கு."

அடுத்த திருவனந்தபுரம் பஸ் வருகிறது. எழுந்துபோய்க் கை காட்டுகிறார்.