தரையில் வைத்த காபி

யார் எதை நீட்டினாலும் வஜீஹா டீச்சரின் கண் முதலில் நகத்தில்தான் போய் விழும். ஜோர்டானின் தலைநகர் அம்மானில், நாடாளுமன்றத்தில் ஒரு மந்திரி மனுவை வாங்கக் கையை நீட்டி மாட்டிக்கொண்டார். "வெட்டிட்டு வாங்க, நாளைக்குத் தர்றேன்" என்றாராம் டீச்சர். மந்திரி சிரித்தார். மறுநாள் வெட்டிக்கொண்டும் வந்தார்.

சபையில் நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினால், மோதிர விரலால் மேஜையைத் தட்டுவார். "ஒருத்தர் ஒருத்தரா. கை தூக்கிட்டு." அவ்வளவுதான், மீசை நரைத்தவர்கள்கூட வாயை மூடிக்கொள்வார்கள். வீட்டிலும் இதே சட்டம்தான் என்கிறார் கணவர் கலஃப்: "ரெண்டாவது ரொட்டிக்கு நானும் கை தூக்கணும்." இதைச் சொல்லும்போது அந்த மனிதருக்கு இருக்கும் பெருமையைப் பார்க்க வேண்டும்.

கரக் மலைக்கு அப்பால் ஐன் ஸித்ர் என்ற மலையூரில் பெண்கள் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தவர். பள்ளி பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். மேலே படிக்க மலை இறங்கி டவுனுக்குப் போக வேண்டும். எந்த அப்பனும் அனுப்ப மாட்டான். சான்றிதழில் மை காய்வதற்குள் அந்தப் பெண்ணின் கல்யாணப் பத்திரிகை வந்துவிடும். டீச்சர் எல்லாக் கல்யாணத்துக்கும் போவார், மன்ஸஃப் சோற்றுத் தட்டின் முன் உட்காருவார். "ஆட்டுக்கறி நல்லாத்தான் இருக்கும். எனக்குத்தான் ஒரு நாளும் உள்ள எறங்கினதில்ல" என்பார்.

அந்தச் சோறு இறங்காததால்தான் தேர்தலில் நின்றார்.

எதிர்த்தவர் குலத்தலைவர் அபூ நவ்ஃபல். ஐன் ஸித்ரில் சாலையோரச் சமவெளி அவருடையது, கிணறு அவருடையது, ஓடுகிற ஒரே வேனும் அவருடையது. தன் விருந்தினர் கூடத்தில் ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு கேலி பேசினார்: "டீச்சரம்மா மட்டும் ஜெயிச்சா, இந்தக் கூடத்துல ஆம்பளைங்களோட சரிசமமா உக்காந்து காபி குடிக்கட்டும். என் மகனே ஊத்திக் குடுப்பான்."

டீச்சர் ஜெயித்தார். போன வேகத்தில் சபையைத் தட்டித் தட்டியே பதினொன்றும் பன்னிரண்டும் ஐன் ஸித்ருக்கு வாங்கிவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை. ரமலானுக்குள் இடம் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் கட்டடம் வேறு ஊருக்குப் போய்விடும். மலையூரில் கட்டடம் நிற்கிற மாதிரி இடம் அந்தச் சமவெளி ஒன்றுதான். கேட்டுப் போனவர்களிடம் அபூ நவ்ஃபல் சொல்லி அனுப்பினார்: "அது என் ஒட்டகம் படுக்கிற எடம்."

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கூடம் நிறைந்திருந்த நேரத்தில் டீச்சர் உள்ளே போனார். குலத்தலைவருக்கு நேர் எதிரே, ஆண்கள் வரிசையில், கறுப்பு அங்கியை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். சொன்ன சொல் இருக்கிறதே! மகன் நவ்ஃபல் கெண்டியைச் சாய்த்து முதல் காபியை அவருக்கே ஊற்றினான். டீச்சர் வழக்கம்போல அவன் நகத்தைப் பார்த்தார், தலையாட்டினார், கோப்பையை வாங்கி, குடிக்காமல் தரையில் வைத்தார்.

கூடத்தில் எல்லாத் தலையும் அந்தக் கோப்பையின் பக்கம் திரும்பியது.

வேண்டுதலோடு வந்தவர் கோப்பையைத் தரையில் வைத்துவிட்டால், வீட்டுக்காரர் சரி சொல்லும்வரை அது அங்கேயே இருக்கும். வந்தவர் குடிக்காமல் எழுந்து போனால், அந்த வீடு பிறகு எந்தக் குலத்தின் முன்னாலும் தலை நிமிர முடியாது. ஒரு பெண்பிள்ளை வைத்து அங்கே யாரும் பார்த்ததில்லை.

"காபி ஆறுது, டீச்சரம்மா" என்றார் அபூ நவ்ஃபல்.

"ஆறட்டும். எனக்கு அந்தச் சமவெளி வேணும். பள்ளிக்கூடத்துக்கு."

"கோப்பைய கீழ வைக்கிறது ஆம்பளைங்க வழக்கம்மா."

"ஆம்பளைங்களோட உக்காந்து குடின்னு கூப்பிட்டது யாரு? நானாவா வந்தேன்?"

நுணலும் தன் வாயால் கெடும். சிரிப்பை அடக்க நாலைந்து பேர் தாடியைத் தடவினார்கள். அபூ நவ்ஃபல் அவர்களைப் பார்க்காமல், அடுத்தவருக்கு ஊற்றும்படி மகனுக்குக் கண்ணைக் காட்டினார். நவ்ஃபல் நகரவில்லை. குனிந்து, டீச்சரின் கோப்பைக்குப் பக்கத்திலேயே கெண்டியையும் வைத்துவிட்டான்.

"என்னடா பண்றே?"

"எம் பொண்ணு இந்த வருஷம் பத்து முடிக்கிறா, யப்பா."

கிழவர் கையில் தஸ்பீஹ் ஜெபமணி ஒரு சுற்றுப் போய் வந்தது. பேத்தியின் முகம் நினைவுக்கு வந்ததோ, ஊர் சிரிக்கும் என்ற பயமோ, அவருக்குத்தான் தெரியும்.

"ஒட்டகத்துக்கா எடமில்ல?" என்றார் கடைசியில். "எடுத்துக்குங்க. இந்தக் காபியக் குடிங்க முதல்ல."

சுவருக்கு அந்தப் பக்கம் காது வைத்திருந்த பெண்களின் குலவை கூரையைத் தூக்கியது. டீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஜெயித்த அன்றுகூடக் கலங்காத கண். நவ்ஃபல் ஆறியதைக் கொட்டிவிட்டுச் சுடச்சுட ஊற்றினான். ஒரே மடக்கில் குடித்தார்.

போதும் என்றால் கோப்பையை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். டீச்சர் ஆட்டவில்லை, மறுபடி நீட்டினார். தன் வீட்டுக் காபி பிடித்துவிட்டது என்று கிழவர் முகம் மலர்ந்தார். அந்தக் கோப்பையும் நிறைந்தது.

டீச்சர் வாசலில் நின்ற கிழவரின் வேனை ஒரு முறை பார்த்தார். பள்ளத்தாக்கு ஊர்ப் பெண்களும் படிக்க மேலே ஏறி வர வேண்டுமே. பிறகு, சிந்தாமல், அந்தக் கோப்பையையும் தரையில் வைத்தார்.