சுவருக்கு மேலால் வந்த இன்டர்நெட்

பக்கத்து வீட்டு இன்டர்நெட்டும் பக்கத்துக் காம்பிரா ரேடியோவும் ஒன்றுதான் என்று நான் மனதார நம்பினேன்.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவன் வேறு எப்படி நம்புவான்? எங்கள் லயம் என்பது ஒரே கூரையின் கீழ் ஓரறை வீடுகளின் வரிசை; அதில் ஒரு காம்பிராவுக்கும் அடுத்த காம்பிராவுக்கும் நடுவிலுள்ள சுவர் கூரையைத் தொடாது. பாதியில் நின்றுவிடும். ஒரு வீட்டில் ரேடியோ போட்டால் லயம் முழுக்கப் பாட்டு. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் லயம் முழுக்க எச்சில் ஊறும். யாரும் யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. சுவருக்கு மேலால் வருவது பொதுச் சொத்து. எனக்குத் தெரிந்த சட்டம் அவ்வளவுதான்.

யுத்தத்தின் கடைசிக் காலம். பதுளை டவுனில் வாடகை வீட்டில் இருந்தோம். நான் வாங்கிய பழைய லெப்டொப்பில் பூட்டில்லாத வைஃபை ஒன்று தெரிந்ததும், கூசாமல் உள்ளே போய்விட்டேன். அது பக்கத்து வீட்டு டொக்டருடையது. யாழ்ப்பாணத்து மனிதர், தனியாக இருந்தார். காலையில் கண்டால், “என்ன மாஸ்டர், பள்ளிக்கூடமோ?” என்பார். தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாருக்குரிய மிடுக்கோடு தலையாட்டுவேன். பின்னேரம் வந்து அவர் செலவில் உலகம் பார்ப்பேன்.

பரீட்சை வினாத்தாள்கள் தேடுவதோடு நின்றிருந்தால் வம்பில்லை. சண்டை நடந்த வன்னியில் என்ன நடக்கிறது என்றறிய, வெளியில் பெயர் சொல்லவே பயப்படுகிற பக்கங்களையும் திறந்து வாசித்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை டொக்டர் வீட்டு கேட்டில் பொலிஸ் ஜீப் வந்து நின்றது.

வாசித்தது நான்; இணைப்பு அவர் பெயரில். தேடி வருகிறவர்கள் அவரைத்தானே தேடி வருவார்கள்? அடையாள அட்டையில் யாழ்ப்பாண விலாசம் வேறு. அந்த நாட்களில் அந்த விலாசத்தோடு ஜீப்பில் ஏறினால், இறங்குவது ஏறியவர் கையில் இல்லை.

மாவீரன் நான் உடனே லெப்டொப்பை அரிசி வாளிக்குள் புதைத்தேன். மூலை ஒன்று வெளியில் தெரிந்தது. பருப்பையும் மேலே கொட்டினேன்.

“என்னாங்க பண்றீங்க?” என்றாள் மனைவி.

“கத்தாத. டொக்டரப் புடிக்க வந்திருக்காங்க. அவரு லைன்ல அந்தச் செய்தியெல்லாம் படிச்சது நான்தான்.”

அவள் வாளியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அந்த மனுசனக் கொண்டு போயிட்டா, இந்த அரிசியப் பொங்கி உங்களுக்குத் தொண்டையில எறங்குமா? போங்க. போய்ச் சொல்லுங்க.”

“சொன்னா என்னையத்தானே ஏத்துவாங்க!”

“ஏத்துனா சோத்துப் பார்சலு கொண்டாறேன். போங்க.”

போனேன். கால்கள்தான் போயின, நான் பின்னால் வந்து சேர்ந்தேன். டொக்டர் இரண்டு பொலிஸ்காரர்களோடு முற்றத்தில் நின்றார். நான் வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“டொக்டர், ஒங்க லைன்ல சண்டச் செய்தியெல்லாம் படிச்சது நான்தாங்க. நீங்க இல்லைங்க.”

டொக்டரின் முகத்தில் இரத்தம் வற்றியது. என்ன சொல்கிறான் என்று பொலிஸ்காரர் சிங்களத்தில் கேட்டார். டொக்டர், “கிணற்றடிப் பக்கம் யாரையும் காணவில்லையாம்” என்று சிங்களத்திலேயே சொன்னார். எதற்குக் கிணறு என்று எனக்கு விளங்கவில்லை. ஆனாலும் என் தலை தானாக ஆமாம் போட்டது.

ஜீப் போனபின் டொக்டர் கேட்டைச் சாத்தினார். மூன்று தரம் போட்டும் கொளுக்கி வளையத்தில் விழவில்லை. அதுவரை எனக்கு வந்த பயமெல்லாம் ஒத்திகை; நிஜப் பயம் அப்போதுதான் வந்தது.

“உங்களுக்கென்ன விசரோ மாஸ்டர்? அவைக்குத் தமிழ் தெரிஞ்சிருந்தா ரெண்டு பேரும் இப்ப ஜீப்பில. கேட்டிருந்தா நானே தந்திருப்பன். எதை வாசிக்கக் கூடாதெண்டும் சொல்லியிருப்பன்.”

அப்படியென்றால் பொலிஸ் எதற்கு வந்தது என்று கேட்டேன்.

பொலிஸ் வந்தது, முதல் நாள் டொக்டரின் கிணற்றடியில் களவுபோன தண்ணீர் மோட்டருக்காக. முறைப்பாடு கொடுத்தவர் அவரே. மோட்டர் கிடைக்கவில்லை. அன்று பின்னேரம் வைஃபைக்குப் பாஸ்வேர்ட் போட்டார்.