ஒரு குண்டுக்கு இரண்டு டின் மீன்

வேராசோலோ ஊரில் ஆன்செல்ம் வோகியா என்றொரு மனிதர் தன் வீட்டுச் சுவர்ப்பலகையில் இரண்டு டின் மீன் வைத்திருக்கிறார், உள்ளே இருப்பது மீன் அல்ல, ஜப்பான்காரன் விட்டுப்போன வெடிமருந்து, தொட்டவன் கதி அதோகதி. சாலமன் தீவுகளில், நம் தலைநகர் ஹோனியாராவின் சந்தையில் பாக்கு விற்கிறவர்கள் இப்படிச் சொன்னார்கள். ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் அடுத்தவர், வெடிமருந்தெல்லாம் இல்லை, செத்துப்போன ஒரு பெண்ணின் ஆவி இருக்கிறது என்றார். மூன்றாவது ஆள் இரண்டும் இருக்கிறது, ஆளுக்கு ஒரு டின் என்றார். நம் சந்தையில் எதையும் வீணாக்குவதில்லை.

பேப்பரில் எழுதுமுன் சரிபார்த்துவிடலாம் என்று கிழக்கே போகும் சின்ன பஸ்ஸில் ஏறினேன். கண்டக்டர் என் மடியைப் பார்த்தான்.

"வோகியா வீட்டுக்கா? மடியில என்ன, குண்டா?"

"குடை."

"குடைன்னா ஒத்த டிக்கெட் போதும். போன வருசம் வரைக்கும் குண்டுக்குத் தனி டிக்கெட் வாங்கினோம் பேப்பர்காரரே. சாக்குல சுத்தி, மடியில வச்சுக்கிட்டு, பச்சப்புள்ளய அணைச்ச மாதிரி வருவாங்க."

"வெடிச்சா?"

"வெடிச்சா பாக்கிச் சில்லறைய யாரு வந்து கேக்கப்போறா?"

பஸ் மொத்தமும் சிரித்தது. ஜன்னலோரம் இருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. அவள் வேராசோலோவில் இறங்கினாள்.

வோகியா வீட்டுப் பலகையில் டின்கள் இருந்தன. மேல்தாளில் சிரிக்கும் மீனின் படம் வெளுத்து, காலாவதித் தேதி தாண்டி எட்டு மாதம் ஆகியிருந்தது. வோகியா பாக்கு இடிக்கப் பின்பக்கம் போன நேரத்தில் ஒன்றை எடுத்து மெல்லக் குலுக்கினேன். எண்ணெயும் மீனும் அசையும் சத்தம்தான்.

"குலுக்கியாச்சா?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "வர்றவன் எல்லாம் குலுக்குறான். ஒருத்தனும் எடுத்துட்டுப் போக மாட்டேங்குறான்."

வோகியாவுக்கு அறுபத்து மூன்று வயது. பனையெண்ணெய்த் தோட்டத்தில் இருபத்தாறு வருஷம் டிராக்டர் ஓட்டியவர். அந்தக் காலத்தில் அவருடைய தம்பி காஸ்பார் வெடி போட்டு மீன் பிடிப்பான். உலகப்போர் முடிந்து காட்டில் கிடக்கும் பழைய பீரங்கிக் குண்டை அறுத்து மருந்தை எடுத்து, பாட்டிலில் அடைத்து, கடலில் வீசுவது. ஒரு வீச்சில் ஒரு படகு மீன் மிதக்கும். ஒரு நாள் பாட்டில் கையை விட்டுப் போகவில்லை. இரண்டு கையும் மணிக்கட்டோடு போயின. அதன் பிறகு காஸ்பார் பதினோரு வருஷம் உயிரோடு இருந்தான். அவனுக்குச் சோறு ஊட்டி, மூக்குச் சிந்தி, பாக்கு இடித்து வாயில் வைத்தவர் வோகியாதான்.

காஸ்பாரைப் புதைத்த மாதம், மரவள்ளித் தோட்டம் கொத்தப் போன ஒருவர் ஒரு குண்டைக் கொண்டுவந்து வோகியாவின் வாசலில் வைத்தார். "உன் தம்பிய இதுதானே தின்னுச்சு, வேற எவன் கையிலயும் சிக்க வேணாம், நீயே வச்சுக்கோ" என்றார். நம் ஊரில் ஒருவர் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தால் வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? வீட்டில் இருந்தது ஒரு டின் மீன். அதைக் கொடுத்தார்.

தப்பு நடந்தது அங்கேதான். வோகியா அதை மரியாதை என்று கொடுத்தார். ஊர் அதை விலை என்று எடுத்துக்கொண்டது.

அடுத்த வாரம் இரண்டு குண்டு வந்தன. அதற்கடுத்த மாதம் ஒன்பது. முதலில் மண்வெட்டியில் தட்டுப்பட்டதைக் கொண்டுவந்தவர்கள், பிறகு தட்டுப்படுகிறதா என்று மண்வெட்டியோடு போனார்கள். எழுபது எண்பது வருஷமாக மண்ணுக்குள் யாரையும் தொந்தரவு செய்யாமல் தூங்கியவற்றைத் தட்டி எழுப்பி, கழுவி, பஸ்ஸில் ஏற்றினார்கள். வேண்டாம் என்றால் கொண்டுவந்தவருக்கு அவமானம். அதே குண்டு அன்றைக்கே வெடி போடுகிறவன் கைக்குப் போய்விடும். ஆகவே வோகியா வாங்கினார். கடலில் மீன் சாகாமல் இருக்க, கடையில் மீன் வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

வீட்டிலிருந்து அறுபது தப்படி தள்ளி ஓலை வேய்ந்த கொட்டகை. இறந்த வீரர்களின் எலும்பு தேடி வருஷா வருஷம் வரும் ஜப்பான்காரர்களில் ஒரு முதியவர் அவருக்குப் படம் போட்ட தாள் ஒன்று கொடுத்திருந்தார். அதைப் பார்த்து வோகியா வரிசை பிரித்தார். ஒல்லியாக இருப்பது முப்பத்தேழு மில்லிமீட்டர். குட்டையாக, தோள் அகன்று நிற்பது நடுத்தர டாங்கியின் ஐம்பத்தேழு. உயரமாக நிற்பது எழுபத்தைந்து, மலைப் பீரங்கிக்கு. பள்ளிக்கூடப் பிரார்த்தனையில் நிற்கிற மாதிரி உயரப்படி நிறுத்துவார். மூக்கில் சிவப்புப் பூச்சு மிச்சமிருந்தால் உள்ளே மருந்து உண்டு. "மூக்கு செவந்தவன சீண்டாதே" என்பது கொட்டகையின் சட்டம். வெறும் பித்தளைக் கூடுகளைத் தேவாலயத்துக்குக் கொடுத்துவிடுவார். வேராசோலோவில் பூ நிற்பதும் பீரங்கிக் கூட்டில், மணி அடிப்பதும் பீரங்கிக் கூட்டில்.

"போலீசுல ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

பாக்கை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"சொன்னா எடுத்துட்டுப் போயிருவாங்க."

"எடுத்துட்டுப் போகத்தானே வேணும்?"

"மொதல்ல பயத்துலதான் சேத்தேன். அப்புறம் வரிசை புடிச்சுப்போச்சு. அம்பத்தேழு மட்டும் பத்தொம்பது இருந்துச்சு. ஒன்னு கொறையுது, ஒன்னு கொறையுதுன்னு தூக்கத்துலகூட தோணும். கூடும் குண்டும் பிரியாம, முழுசா ஒன்னு. அதக் கொண்டு வர்றவங்களுக்கு ரெண்டு டின்னுன்னு நானே சொல்லி வச்சிருந்தேன்."

அதைக் கொண்டுவந்தவள் மெலானியா. ஆற்றுக்கு அந்தப்பக்கம் மகள் டோர்காஸோடு இருந்தவள். ஒரு வியாழக்கிழமை, வலைப்பையில் கிழங்குக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்தாள். முழுசு. மூக்கு சிவந்தது. அந்த வாரம் பார்த்துச் சரக்குக் கப்பல் வரவில்லை. கடையில் டின் மீன் இல்லை, வோகியா வீட்டிலும் இல்லை.

"வச்சுட்டுப் போ, கப்பல் வந்ததும் தர்றேன்" என்றார்.

"போன வாட்டி கடன்ல வச்சுட்டுப் போனவ ஆறு வாரம் நடந்தா. டின்னு வரட்டும், நான் வர்றேன் அண்ணே" என்று மெலானியா பையைத் தோளில் மாட்டினாள்.

வோகியா பயந்தது குண்டு வெடித்துவிடும் என்று அல்ல. வேறு யாராவது வாங்கிவிடுவார்கள் என்று. வாசல்வரை பின்னால் போய்ச் சொன்னார்: "ஒளிச்சு வை. வீட்லகூட யார்கிட்டயும் சொல்லாத. ரெண்டு டின் ஒனக்குக் கடன்."

அவள் அப்படியே செய்தாள். மழைக்காலம் முழுக்கப் பயன்படாமல் கிடந்த, கல்லைச் சுடவைத்துக் கிழங்கு வேகவைக்கும் குழியடுப்பில் சாம்பலும் மண்ணும் தோண்ட மெத்தென்று இருந்தன. அதற்குள் புதைத்தாள்.

ஞாயிறு அன்று வெயில் அடித்தது. பூசைக்குப் போன அம்மா வருவதற்குள் சமைத்துவிடலாம் என்று டோர்காஸ் அதே குழியில் விறகு அடுக்கி, கல் அடுக்கி, தீ வைத்துவிட்டு, வாழையிலை வெட்ட ஆற்றுப்பக்கம் போனாள். பூசை முடிந்து வந்த மெலானியா புகையைப் பார்த்தாள். எதிரே வந்த பக்கத்து வீட்டுக்காரியை "ஓடு, ஓடு" என்று தள்ளிவிட்டு, தான் தீயை நோக்கி ஓடினாள். மகள் அங்கே இருப்பாள் என்று நினைத்தாளாம். வெறுங்கையால் கல்லை இழுத்துக்கொண்டிருந்தபோது வெடித்தது.

சத்தம் கேட்டபோது வோகியா கடை வாசலில் நின்றிருந்தார். கப்பல் சனிக்கிழமையே வந்துவிட்டது. கையில் இரண்டு டின் இருந்தது.

பிறகு நடந்தவை முறைப்படி நடந்தன. வோகியாவின் ஆட்கள் உயிருக்கு ஈடாக மூன்று பன்றியும், சிப்பியை மணியாகக் கோர்த்த சிப்பிப் பணம் பத்துச் சரமும் கொண்டுபோய் வைத்தார்கள். மெலானியாவின் சகோதரர்கள் பெற்றுக்கொண்டார்கள், கை குலுக்கினார்கள். வோகியாவே போலீசுக்குச் சொல்லி அனுப்பினார். மணல் நிரப்பிய லாரி மூன்று நாள் வந்து இருநூற்றுப் பன்னிரண்டு குண்டுகளையும் எடுத்துப்போயிற்று. எல்லாம் தீர்ந்தது. அந்த இரண்டு டின் மட்டும் தீரவில்லை. பன்றியும் சிப்பியும் உயிருக்கு. டின்கள் வோகியா தன் வாயால் சொன்ன கடன். அதை மகள் வாங்கிக்கொண்டாலொழிய அவருக்குத் தூக்கம் இல்லை. சகோதரர்கள் அதைத் தொடமாட்டோம் என்றுவிட்டார்கள்.

"இன்னைக்குப் போறேன். வர்றீங்களா?" என்றார். போனேன்.

டோர்காஸ் தோட்டத்தில் களை கொத்திக்கொண்டிருந்தாள். பஸ்ஸில் சிரிக்காதவள். பழைய குழி இருந்த இடத்தில் வெள்ளைப் பவளக்கல் கொட்டியிருந்தது. சமையல் இப்போது தரைக்கு மேலே, பாதியாக வெட்டிய டீசல் பீப்பாயில்.

"இதோட எத்தன வாட்டி மாமா?"

"ஒம்பது."

"ஒம்பது வாட்டியும் அதே டின்னு. வாடை அடிக்கப்போகுது."

"வேற வாங்கித் தரட்டுமா?"

"வேணாம்."

வோகியா டின்களைக் கீழே வைத்தார். பிறகு, பன்றி கொடுத்த அன்றைக்குச் சொல்லாததைச் சொன்னார். "ஒளிச்சு வை, வீட்லகூட சொல்லாதன்னு ஒங்கம்மாகிட்ட சொன்னது நான்தான்."

மண்வெட்டி நிற்கவில்லை.

"எங்கம்மா கோழி முட்ட போட்டாலே ஊருக்குச் சொல்றவ. அவ வாய மூடிட்டு இருந்தான்னா, யாரோ மூடச் சொல்லியிருக்காங்கன்னு அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சுமா..."

"தெரிஞ்சு என்ன பண்ண? தீ வச்சது நான். ஈர வெறகு, புடிக்கவே இல்ல. ஊதி ஊதிப் புடிக்க வச்சேன்." அப்போதுதான் நிமிர்ந்தாள். "இத நான் வாங்கினா குண்ட வித்தாச்சுன்னு ஆயிரும் மாமா. அவ விக்கல. கொண்டாந்தா, நீங்க எடுக்கல, திரும்பத் தூக்கிட்டுப் போனா. அவ்வளவுதான்."

வோகியா டின்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினார். பத்தடி போயிருப்போம்.

"மாமா, வெறுங்கையோட போகாதீங்க" என்று அவள் ஓடிவந்து அதே பையில் நாலு வள்ளிக்கிழங்கைப் போட்டாள்.

வீட்டுக்கு வந்தோம். டின்களைப் பலகையில் பழைய இடத்தில் வைத்தார். கிழங்கைப் பக்கத்தில் வைத்தார், பிறகு எடுத்தார், பிறகு அங்கேயே வைத்தார்.

"இதுக்கு ஏதாவது கொடுக்கணுமே" என்றார். "என்ன கொடுக்கலாம்?"

உப்பு கொடுக்கலாம் என்றேன்.

"உப்பு..." என்றார். நான் புறப்படும்போது பலகையைப் பார்த்தபடியே நின்றிருந்தார்.