பழைய டிஸ்க்கிலிருந்து புது டிஸ்க்குக்கு

விண்டோஸை ஒரு ஹார்ட் டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு அப்படியே நகலெடுக்க ஒரு மணி நேரம் போதும் என்று சொல்லிவிட்டு, மூன்று மணி நேரம் வாடிக்கையாளர் முகத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் தொழில். எக்ஸ்பி காலத்தில் கம்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்த்தவன் நான். திரையில் அந்த நீலக் கோடு நகருமா என்று கண் பூத்துக் காத்திருந்தவர்களே, உங்களுக்குத்தான் இது.

ஜூஸ் கடை கரண்ட்

கம்பத்தில் ஒரு டிடிபி கடை. பழைய டிஸ்க் ‘டக் டக்’கென்று தட்டிக்கொண்டிருந்தது, ஒரு தடவை நின்றால் மறுபடி எழுந்திருக்காது. நகல் பாதி ஏறியபோது கரண்ட் போனது. யூபிஎஸ் பத்து நிமிடம்கூடத் தாங்காது.

பக்கத்து ஜூஸ் கடையில் ஜெனரேட்டர் உண்டு. ஆனால் மிக்ஸியையும் கம்ப்யூட்டரையும் சேர்த்து இழுக்காது. ஜூஸ் கடை அண்ணன் யோசிக்காமல் மிக்ஸியை நிறுத்திவிட்டு ஒயரை எங்கள் பக்கம் நீட்டினார். திராட்சை ஜூஸ் கேட்டு நின்றவர்கள் முக்கால் மணி நேரம் நகரவே இல்லை. அவர்களில் ஒருவர் சொன்னார்: “மெதுவா ஏறட்டும்ப்பா, எங்க தாகம் எங்கிட்டும் ஓடிறாது.”

புதுசு எங்கே?

காமயகவுண்டன்பட்டியில் ஒரு திராட்சைத் தோட்டக்காரர். மகளின் கல்லூரி புராஜெக்ட் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில். ஒன்றுகூட விடாமல் புது டிஸ்க்குக்கு மாற்றிக் கொடுத்தேன். திரையைப் பார்த்தவர் முகம் சுருங்கிவிட்டது. அதே படம், அதே ஐகான்கள். “புதுசு போட்டேன்னு சொல்றீக, எல்லாம் பழசாவுல்ல இருக்கு?”

நான் விளக்க விளக்க அவருக்குச் சந்தேகம் கூடியது. அடுப்படியிலிருந்து அவர் மனைவிதான் காப்பாற்றினார்: “நம்ம கொடியில குச்சி வெட்டி அங்கன நட்டா வேற பழமா காய்க்கும்? பேசாம இருக்கீகளா!”

திசை மாறியது

இதைச் சொல்ல இன்றும் கூச்சம்தான். சின்னமனூரில் ஸ்டுடியோ நடத்திய ஒரு அக்கா. பழையதும் புதியதும் ஒரே கம்பெனி, ஒரே அளவு. அவசரத்தில், காலி டிஸ்க்கை எடுத்து நிறைந்த டிஸ்க்கின் மேல் நகலெடுத்துவிட்டேன். மூன்று கல்யாணப் படங்கள் போய்விட்டன. மழுப்பாமல் உண்மையைச் சொன்னேன்.

அக்கா பீரோவைத் திறந்து ஒரு கட்டு சீடியை என் முன்னால் வைத்தார். பிறகு சோற்றுத் தட்டையும் வைத்தார். “கல்யாணத்தை மறுபடி நடத்தச் சொல்ல முடியாதுல்ல தம்பி, அதான் அன்னைக்கே சீடியில ஏத்திட்டேன், மொதல்ல சாப்பிடுங்க.”

இத்தனை வருஷத்தில் கெட்டுப்போகாத ஒன்று உண்டென்றால் அது என் வாடிக்கையாளர்களின் பொறுமைதான். அதற்கு நான் வைக்காத சோதனையும் இல்லை.