பெட்டி தூக்கிய மூத்த வழி

ஐந்தாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்துபோனது. அதற்குப் பிறகு நான் படித்ததெல்லாம் லாரி நம்பரும் எடைச் சீட்டும் ஆள் முகமும்தான். ஆனாலும் திருச்சுழியிலிருந்து பரளச்சி வரைக்கும் கரிமூட்டம் என்று பேச்சு வந்தால் என்னைத்தான் முதலில் சொல்வார்கள். சீமைக்கருவேலம் காட்டைக் கெடுக்கிறது என்று ஊரே திட்டிக்கொண்டிருந்த காலத்தில், அதையே வெட்டி அடுக்கி, மண் பூசி, தீ வைத்து, கரியாக்கி லோடு ஏற்றியவன் நான். அடுத்தவன் மூட்டத்துக்குத் தண்ணீர் சுமந்தவன், பிறகு சொந்தமாக இரண்டு லாரி விட்டேன். மகனைப் படிக்க வைத்தேன். அவன் மகள் அவனையும் தாண்டிப் படித்து விருதுநகரில் பேங்கு வேலையில் இருக்கிறாள். இதில் எவனுடைய தயவும் கிடையாது. சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமும் கிடையாது.

இவ்வளவு சம்பாதித்தவன் பெரிதாக நினைத்தது, சம்பாதிக்காமல் வந்த ஒன்றைத்தான். சாமிப்பெட்டி.

எங்கள் குலசாமிக்குச் சிலை இல்லை. சாமியின் வேட்டி, அரிவாள், சலங்கை எல்லாம் ஒரு பழைய மரப்பெட்டியில் இருக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை, மாசிச் சிவராத்திரி அன்று மத்தியானம், ஊருக்குள் இருக்கும் பெட்டி வீட்டிலிருந்து அதை எடுத்து, காட்டுக்குள் இருக்கும் கோவிலுக்குச் சுமந்துபோவோம். யார் வேண்டுமானாலும் தூக்க முடியாது. மூத்த வழிக்காரன் மட்டும்தான் தூக்கலாம். என் தாத்தா தூக்கினார், அப்பா தூக்கினார், மீசை முளைத்த நாளிலிருந்து நான் தூக்கினேன்.

அதற்கு ஒரு கதை உண்டு. மழை பொய்த்த காலத்தில் வடக்கேயிருந்து அண்ணன் தம்பி மூன்று பேர் பிழைக்க வந்தார்களாம். மூத்தவர் பழைய கோவிலின் பிடிமண்ணைத் தலைப்பாகைக்குள் முடிந்துகொண்டு வந்தார். மண் தரையில் படக்கூடாது என்று தலை சாய்க்காமல் உட்கார்ந்தே தூங்கினார். கண்மாய்க் கரையில் கால் இடறி மண் சிந்திய இடத்தில் கோவில் எழுந்தது. மண்ணைச் சுமந்த தலை என்பதால் பெட்டியும் அவர் வழிக்கே. இந்தக் கதையை நான் எத்தனை டீக்கடையில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. லோடை மறித்த போலீஸ்காரர் ஒருவருக்குக்கூடச் சொல்லியிருக்கிறேன். கேட்டுவிட்டு வண்டியை விட்டார்.

போன வருஷம் தை மாதம் மகன் வந்து எதிரில் நின்றான்.

“அப்பா, ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.”

“சொல்லு, அப்புறம் பாப்போம்.”

“பாப்பா ஒரு பையனைக் கட்டிக்கிறேங்கா. பாலவனத்தத்துக்காரன். தெனமும் ஒரே பஸ்ஸுல போறவுக.”

“எந்த வீடு?”

அவன் வீட்டைச் சொன்னான். அது எங்கள் கோவிலையே கும்பிடும் வீடு. மூவரில் இரண்டாமவர் வழி. ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் பங்காளிகள்; பங்காளிக்குள் பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. அந்தப் பையன் என் பேத்திக்குச் சித்தப்பா முறை. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். அழவில்லை. “நீங்க வேணாம்னா நான் எங்கயும் போகமாட்டேன் தாத்தா. ஆனா எனக்கு வேற எடம் பாக்காதீக” என்றாள். அதோடு விட்டுவிட்டாள். சண்டை போட்டிருந்தால் நான் ஜெயித்திருப்பேன்.

யோசித்தேன். காடாக இருந்தாலும் வழி போட்டு லாரி கொண்டுபோனவன் நான், இதற்கு வழி இல்லாமலா போகும் என்று தோன்றியது. பாலவனத்தத்துக்காரர்கள் நடுவில் வந்து ஒட்டிக்கொண்ட வழியாக இருந்தால்? எந்தக் கூட்டத்திலும் அப்படி ஒரு வழி இருக்கத்தானே செய்யும். அவர்கள் ரத்தவழிப் பங்காளி இல்லை என்று பழைய தாளில் காட்டிவிட்டால் கல்யாணமும் நடக்கும், எனக்கும் குறை வராது. மகனிடம், “ஒங்க படிப்பெல்லாம் மூட்டை கட்டி வையி. இதை நான் முடிக்கிறேன்” என்றேன்.

முடித்தேன்தான். ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. கரிப்புகை இத்தனை வருஷம் சும்மா இருந்துவிட்டு இப்போதுதான் நெஞ்சில் வேலையைக் காட்டுகிறது. பஸ்ஸில் போய் இறங்கி, பத்திர ஆபீசில் பழைய நகலுக்கு மனு எழுதிக் கொடுத்து, பெஞ்சில் உட்கார்ந்து, அடுத்த வாரம் வரச் சொன்னதைக் கேட்டுக்கொண்டு திரும்புவேன். அடுத்த வாரமும் அதே பெஞ்சு. வெயில் ஏறும்வரை உட்கார்ந்திருந்தால் முட்டி மடங்காது. ஒரு தாள் கிடைத்தால் அது இன்னொரு தாளைக் காட்டும். பங்குனியும் சித்திரையும் இப்படியே போயின.

கிடைத்த நகல்களை வாசிக்க அருப்புக்கோட்டையில் ஒருவரைப் பிடித்தேன். பத்திரம் எழுதி ஓய்ந்தவர். என்னைவிட மூத்தவர். பழைய கூட்டெழுத்தைத் தண்ணீர் குடிப்பதுபோல் வாசிப்பார்.

“கரி யாவாரி வந்துட்டாரா? தாளைத் தொடாதீக, கறுத்துப்போகும்” என்பார்.

“ஒமக்கு மை ஒட்டுன கைதானய்யா. ஒண்ணுக்கொண்ணு சரியாப் போச்சு” என்பேன்.

பாலவனத்தத்து வழியை முதலில் பார்த்தோம். மகன், அவர் மகன், அவர் மகன் என்று பாகப்பிரிவினைகளில் நூல் பிடித்தமாதிரி போயிற்று. ஓர் இடத்திலும் முடிச்சு இல்லை. எனக்கு எரிச்சல்.

பிறகு எங்கள் கண்மாய்க்கரை நிலத்தின் மூலப்பத்திரத்தை எடுத்தார். மூத்த வழியின் சொத்து என்று நான் பெருமை பேசும் நிலம் அது. என் பூட்டன், அதாவது தாத்தாவின் அப்பா பெயருக்கு எழுதிக்கொடுத்தது. வாசித்துக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தார்.

“இது அப்பன் மகனுக்கு எழுதுனது இல்ல.”

“பின்னே?”

“மாமனார் மருமகனுக்கு எழுதுனது. எழுதிக் குடுத்தவருக்கு ஒரே மக. ஆம்பளப் புள்ள இல்ல. அந்த மகளைக் கட்டி வீட்டோட வந்து இருந்தவுகதான் ஒங்க பூட்டன். அப்பா பேரு வேற, ஊரு வேற. பரளச்சிக்கு அங்கிட்டு ஒரு ஊரு போட்டிருக்கு.”

“திரும்ப வாசிங்க.”

வாசித்தார். இன்னொரு தடவை கேட்டேன்.

“எத்தனை தடவை வாசிச்சாலும் எழுதுனதுதானய்யா இருக்கும்” என்றார். குரலில் கேலி இல்லை. “நீங்க தேடி வந்தது கெடச்சிருச்சு. அவுக வழிக்கும் ஒங்க வழிக்கும் பங்காளி முறை கெடையாது. நீங்க அந்த வீட்டுப் பொண்ணு வழி. அவுக மாமன் மச்சான். தாராளமாக் குடுக்கலாம்.”

“பெட்டி?”

அவர் தாளை மடித்தார். “ஒங்க பூட்டன் காலத்துல தூக்க ஆளில்லாம மருமகன் தூக்கியிருப்பாரு. அதுவே பழகிப்போச்சு. மூத்த வழி அந்தப் பொண்ணோட நின்னுபோச்சு. முறைப்படி அடுத்து ரெண்டாமத்த வழிக்குத்தான்.”

ஒட்டிக்கொண்ட வழியைத் தேடி அலைந்தேன். அது நான்தான்.

நகலை பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். மகனிடம், இன்னும் ஒன்றும் தெரியவில்லை என்றேன். பத்திரக்காரர் வாய் திறக்கும் ஆளில்லை. நான் சும்மா இருந்தால் அடுத்த மாசியிலும் பெட்டி என் தோளில்தான். இந்த வயதில் வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால் அதை நினைக்கும்போதே ஆயாசமாக இருந்தது. ஒரு லாரி லோடை ஒற்றை ஆளாக இறக்கியபோதுகூட நான் அப்படிச் சோர்ந்ததில்லை.

ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேத்தி வந்திருந்தாள். எனக்குச் சோறு போட்டுக்கொண்டே, “சென்னைக்கு மாத்தல் கேட்டிருக்கேன் தாத்தா” என்றாள்.

“எதுக்கு? இங்க என்ன கொறை?”

“கொறை ஒண்ணுமில்ல. அந்தப் பஸ்ஸுல போக முடியல.”

அவ்வளவுதான் சொன்னாள். கூட ஒரு கரண்டி குழம்பு ஊற்றினாள். சோற்றைப் பாதியில் விட்டேன். எழுந்து பீரோவைத் திறந்தேன்.

ஆவணியில் கோவிலில் பங்காளிகளைக் கூட்டினேன். வேப்பமரத்தடியில் முப்பது நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். பாலவனத்தத்துக்காரரும் வந்திருந்தார், அந்தப் பையனின் அப்பா. நான் தாளைக் காட்டிச் சொன்னேன். சொல்லி முடித்ததும் யாரும் நம்பவில்லை.

“ஏலே, இவரு கதை தெரியாதா? பேத்திக்காகப் பத்திரம் செஞ்சு கொண்டாந்திருக்காரு” என்றான் ஒருவன்.

“கரிப்பணத்துல கோவிலுக்குக் கொட்டகை போட்டுக் குடுத்துட்டு, இப்ப நான் பங்காளியே இல்லேங்கிறீகளே பெரியப்பா. அந்தக் கொட்டகையை என்ன செய்ய?” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

வாழ்நாளெல்லாம் பெருமை பேசினேன், அத்தனையையும் நம்பினார்கள். தாழ்ந்துபோகிற ஒன்றைச் சொன்னபோது பொய் என்கிறார்கள். தாளை மடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது பூசாரி பேசினார். சிவராத்திரிக்குச் சாமி அழைக்கும்போது மூத்த வழியின் பெயர்களை வரிசையாகச் சொல்வது அவர் வேலை. “ஒரு சங்கதி. எங்கய்யா வம்சம் சொல்லும்போது இவுக தாத்தா பேருக்கு முன்னாடி ஒரு தலைமுறையை விட்டுத்தான் சொல்லுவாரு. ஏன்னு கேட்டேன். அங்க சொல்ல வேணாம், அது வந்தவுக பேருன்னாரு. நான் சின்னப்பய, வெளங்கல. இன்னைக்கு வரைக்கும் அப்படித்தான் விட்டுச் சொல்றேன்.”

வருஷா வருஷம் நான் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்று கேட்ட வரிசை அது. என் பூட்டன் பெயர் அதில் இல்லை என்பதை ஒருநாளும் கவனித்ததில்லை.

சிரித்தவர்கள் தாளைக் கேட்டு வாங்கிப் பார்த்தார்கள். பாலவனத்தத்துக்காரர் எழுந்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “பெட்டியை நீங்களே தூக்குங்கண்ணே. எங்களுக்கு மனத்தாங்கல் இல்ல.”

“நான் பெட்டியைத் தூக்குனா ஒங்களுக்கு அண்ணன். அண்ணன் பேத்தியை மருமகளாக் கூட்டிட்டுப் போவீகளா?”

அவர் இல்லை என்று தலையாட்டினார்.

“அப்பப் பெட்டியை நீங்க தூக்குங்க.”

அதோடு பேச்சு முடிந்தது. எழுந்து போகும்போது, சற்றுமுன் பெரியப்பா என்றவன், “பாத்து வாங்க மாமா, கல்லு கெடக்கு” என்று கைகொடுத்தான். சுற்றி நின்றவர்களுக்கு மறுபடி சிரிப்பு. அவன் கேலிக்குச் சொன்னானா, நிஜமாகவே முறை மாற்றிவிட்டானா தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

இந்த மாசியில் பாலவனத்தத்துக்காரர்தான் பெட்டியைத் தூக்கினார். பழக்கமில்லாததால் ஓடைப் பாலத்தில் தடுமாறினார். நான் கூட்டத்தோடு பின்னால் நடந்தேன். கோவிலில் பங்காளிகள் வரிசையாகப் பொங்கல் வைக்கும் இடத்துக்குள் போகாமல் வெளியே நின்றேன். கூப்பிட்டார்கள். மூச்சு வாங்குகிறது, கொஞ்சம் நிற்கிறேன் என்றேன். அதுவும் பொய்யில்லை.

அதற்கப்புறம் பரளச்சிக்கு அங்கிட்டு, பத்திரத்தில் இருந்த ஊருக்குப் போய்வந்தேன். எங்களுக்கும் ஒரு குலசாமி அங்கே இருக்க வேண்டுமே. கருவேலம் மூடிக் கிடந்த காட்டில் ஏழெட்டுப் பீடங்கள் இருந்தன. அங்கே ஆடு மேய்த்த பெரியவரிடம் பூட்டனுடைய அப்பா பெயரைச் சொன்னேன். “அந்தப் பேருல ஊருக்குப் பத்துப்பேரு இருந்திருப்பாக. இதுல ஒங்க சாமி எதுன்னு நான் எப்படிச் சொல்ல?” என்றார். ஒவ்வொரு பீடத்தின் முன்னாலும் நின்று கும்பிட்டேன். எதுவும் என்னைத் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இன்னும் விசாரிக்க வேண்டும். முட்டி விட்டால் போவேன்.

கல்யாணத்தை வைகாசியில் வைத்திருக்கிறோம். பத்திரிகை அடிக்கப் போனபோது அச்சகத்துக்காரர் கேட்டார்.

“மேல என்ன சாமி போட?”

மாப்பிள்ளை வீட்டுச் சாமியைச் சொன்னேன்.

“பொண்ணு வீட்டுக்கு?”

மகன் என்னைப் பார்த்தான். நான் கடையில் இருந்த நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

“அந்த எடத்தைச் சும்மா விடுங்க” என்றேன்.

“ஒரு பக்கம் மட்டும் இருந்தா மொட்டையா இருக்கும் ஐயா. பிள்ளையார் படம் போட்டுருவமா? அவரு எல்லாத்துக்கும் பொது.”

சரி என்றேன். மாலையில் மாதிரித்தாள் கொடுத்தார்கள். மற்றதையெல்லாம் மகனிடம் விட்டுவிட்டு, பேத்தி பெயரை மட்டும் எழுத்துக்கூட்டிப் பார்த்து, அடிக்கலாம் என்று திருப்பிக் கொடுத்தேன்.