சத்தமில்லாமல் ஓடிய காதல் படம்

பச்சைப் புளியமரத்தை வெட்டும்போது லேசாகப் புளிப்பேறிய ஓர் ஈர வாடை வரும். வடக்கனந்தல் பக்கத்துப் பிள்ளைகளான எங்களுக்கு முதலில் அது பள்ளிக்கூடம் இல்லை என்பதன் வாடையாகத்தான் இருந்தது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக ஆட்கள் ரோட்டில் இறங்கிய வருடங்கள் அவை. கள்ளக்குறிச்சி போகிற ரோட்டில் மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்தார்கள். என் அம்மாவின் தம்பி, எனக்கு மாமா, கோடாலியோடு முதல் ஆளாகப் போனவர். “நம்ம புள்ளைங்க ஆபீசுல உக்காரணும்னா நாம ரோட்டுல உக்காந்துதான் ஆவணும்” என்று சொல்லிவிட்டு எங்கள் வீட்டில் சோறு தின்றார்.

மறுநாள் கரும்புக்கொல்லையில் அவரைப் பாம்பு கடித்தது. பஸ் இல்லை, ஜீப் இல்லை. கயிற்றுக் கட்டிலில் கிடத்தித் தூக்கிக்கொண்டு, அவரும் சேர்ந்து சாய்த்த மரங்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போனார்கள். ஆஸ்பத்திரி வாசலை எட்டியபோது உயிர் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. எனக்கு இன்றும் தெரியவில்லை.

கல்யாணத்தைக் கோயிலில் சுருக்கமாக முடித்துக்கொண்டவர் என்பதால் மாமாவுக்கு ஒரு போட்டோகூட இல்லை. படையலில் அவர் சட்டையை மடித்து வைத்து அதற்குத்தான் பொட்டு வைத்தார்கள். மகளுக்கோ அப்போதுதான் நடை பழகுகிற வயது. ஆனால் மாமா ஒரே ஓர் இடத்தில் இருந்தார். சில வருடங்களுக்கு முன் கல்வராயன் மலையடிவாரத்தில் ஒரு காதல் படத்துக்குப் பாட்டு எடுக்க வந்தவர்கள், கதாநாயகனும் நாயகியும் கைகோத்து நிற்க, பின்னால் மாமாவை மாட்டுவண்டி ஓட்டிப் போகச் சொன்னார்கள். கீற்றுக் கொட்டாயில் அந்தப் படம் ஓடியபோது, நாயகனுக்கு அடிக்காத விசிலை எங்கள் ஊர் அந்த வண்டிக்கு அடித்தது.

அந்தப் படத்தின் வீடியோ கேசட் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடையில் இருப்பதை அப்பா கண்டுபிடித்துவிட்டு வந்தார். “இத்த எவனும் வாடகைக்குக் கேக்கறதில்லீங்க. வாங்கறதுன்னா வாங்கிக்குங்க. இல்லன்னா பொங்கலுக்கு வர்ற புதுப்படத்த இதுமேல ஏத்திடுவேன்” என்றாராம் கடைக்காரர்.

வாங்குவதா வேண்டாமா என்று நாட்கணக்கில் பேச்சு நடந்தது. துக்கம் விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குச் சினிமா கிடையாது. அதிலும் தாலியறுத்த சிறு வயதுக்காரி காதல் படம் பார்ப்பதா? தாத்தா குதித்தார். “மவன் போயி வருசம் திரும்பல. வூட்டுல டூயட் பாட்டு கேட்டா ஊரு இன்னா சொல்லும்?” என்றார். அம்மாவோ, “ஊர் வாயை மூட உலைமூடி உண்டா?” என்று ஆரம்பித்துவிட்டு, தானே பயந்துபோய் நிறுத்திக்கொண்டாள். கடைசியில், மாமா போனதிலிருந்து வாயே திறக்காத அத்தை, கதவுக்குப் பின்னால் நின்றபடி அப்பாவிடம் சொன்னாள்: “வாங்கியாங்கண்ணே. சத்தத்தக் கம்மி பண்ணிட்டுப் பாக்கலாம். புள்ளைக்கு அவுங்க மூஞ்சி தெரியணும்.”

வாடகை டி.வி.யும் டெக்கும் ஒரு மத்தியானம் கோணி சுற்றி வந்து இறங்கின. கதவைச் சாத்தி, சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு உட்கார்ந்தோம். நாயகனும் நாயகியும் வாயசைத்தார்கள், ஓடினார்கள், அழுதார்கள்; எங்களுக்குக் கேட்டதெல்லாம் டெக்கின் இரைச்சல்தான். மடியிலிருந்த பிள்ளையிடம் அத்தை, “அப்பா வருவாரு, பாத்துக்கினே இரு” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பாட்டு வந்தது. வண்டி வந்தது. மாமா ஒருமுறை தார்க்குச்சியை ஓங்கினார், போய்விட்டார். பிள்ளை கையை நீட்டி, “அப்பா!” என்றது. அது காட்டியது கதாநாயகனை.

திருப்பி ஓட்டினார்கள். அத்தை கன்னத்தைப் பிடித்து முகத்தைத் திருப்பினாள். மறுபடியும் நாயகனைப் பார்த்துத்தான் சிரித்தது குழந்தை. எத்தனை தடவை ஓட்டினார்களோ தெரியாது. முடிவில் அத்தை, “ஆமாம்மா, அப்பாதான்” என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள். அந்த அழுகையும் வெளியே கேட்கக்கூடாதே.

கேசட் அத்தையிடமே தங்கிவிட்டது. தெருவில் யார் வீட்டு விசேஷத்துக்கு டெக் எடுத்தாலும், எல்லாரும் எழுந்து போன பிறகு அத்தை அதைக் கொண்டுவந்து போடச் சொல்வாள். படம் வேண்டாம், அந்த ஓர் இடம் மட்டும். ஓட்டி ஓட்டி நாடா அந்த இடத்தில் மட்டும் தேய்ந்து, மகளுக்கு விவரம் தெரிகிற வயது வந்தபோது, நாயகன் தெளிவாகப் பாடிக்கொண்டிருக்க, வண்டி வருகிற நேரத்தில் திரை முழுக்க வெள்ளைக் கோடுகள்.

இப்போது அந்த ரோட்டில் புளியமரங்கள் இல்லை, அகலப்படுத்திவிட்டார்கள். கேசட் கடை இருந்த இடத்தில் செல்போன் கடை. அத்தையும் இல்லை. படம் செல்போனிலேயே கிடைக்கிறது, ஆனால் அந்தப் பாட்டை வெட்டிவிட்டுத்தான் போட்டிருக்கிறார்கள். போன மாதம் மாமாவின் மகள் போன் செய்தாள். “அண்ணி, நீங்க அப்பாவ நேருல பாத்தவங்க. எப்பிடி இருப்பாரு, சொல்லுங்களேன்” என்றாள். கண்ணை மூடி யோசித்தேன். எங்கள் வீட்டில் உட்கார்ந்து சோறு தின்றவர், என்னைத் தோளில் தூக்கித் திரிந்தவர், அவர் முகம் வரவே இல்லை. வண்டியில் போகிறவர்தான் வந்தார், சத்தமில்லாமல், உடம்பெல்லாம் வெள்ளைக் கோடுகளோடு.